யானைக்காது எல்லாம் சேம்பு அல்ல

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் 'யானைக்காதுச் செடி' பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். படம் அழகாக இருந்தது. ஆனால் படத்தில் நின்றது ஒரு செடி, கீழே எழுதியிருந்தது வேறொரு செடி. 'இது நம் சேப்பங்கிழங்குச் செடிதான், இலையையும் சமைக்கலாம்' என்று கடைசி வரியில் போட்டிருந்தீர்களே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். அந்தப் படத்தை நம்பி இலையைப் பறித்து அடுப்பில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதை எங்கள் குடும்பம் இரண்டு வருடத்துக்கு முன்பே பார்த்துவிட்டது.

என் மகன் குடும்பம் கோயம்புத்தூரில் இருக்கிறது. மருமகளுக்குச் சொந்த ஊர் சேலம். ஆடி மாதம் இங்கே வந்திருந்தபோது நான் வைத்த சேம்பந்தாள் கறி (சேம்பு என்பது சேப்பங்கிழங்குச் செடி, தாள் அதன் இலைக்காம்பு) அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. ஊருக்குத் திரும்பியதும் ஒரு நர்சரியில் தொட்டியோடு ஒரு செடி வாங்கியிருக்கிறாள். கேட்டதற்கு, 'சேம்புதான்க்கா, கிழங்கும் வைக்கும்' என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் போன் வந்தது. "அத்தை, நீங்க சொன்ன மாதிரிதான் புளி விட்டு வேகவெச்சேன். ஒரு வாய்தான் வெச்சேன், நாக்குல ஊசி குத்துற மாதிரி இருக்கு." குரலே மாறியிருந்தது. உதடு லேசாக வீங்கியிருந்தது. நல்ல வேளை, பேரனுக்கு இன்னும் கொடுத்திருக்கவில்லை. உடனே டாக்டரிடம் போகச் சொன்னேன். சாயந்திரத்துக்குள் சரியாகிவிட்டது.

மறுநாள் வீடியோவில் செடியைக் காட்டச் சொன்னேன். "இலையைத் திருப்பும்மா, காம்பு எங்க வந்து சேருதுன்னு காட்டு" என்றேன். திருப்பினாள். இலையின் இரண்டு காதுக்கும் நடுவில் இருக்கும் பிளவின் முனையிலேயே கச்சிதமாகச் சேர்ந்திருந்தது. சரி, இது சேம்பு இல்லை, அழகுக்கு வளர்க்கும் அலோகேசியா என்று எனக்குப் புரிந்துவிட்டது.

நான் இருபத்தாறு வருடம் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். செடி நூல் படித்தவள் இல்லை. ஆனால் கிணற்றடியில் சேம்பு நிற்காத வீட்டில் நான் வாழ்ந்ததில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சேம்பிலையில் காம்பு பிளவில் வந்து சேராது. பிளவுக்கு இரண்டு மூன்று விரல் உள்ளே தள்ளி, இலையின் முதுகில் வந்து ஒட்டும். மேலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் ஒரு பொட்டு தெரியும், சில வகையில் கருஞ்சிவப்பாகவே இருக்கும். இலை தொங்கும், நுனி தரையைப் பார்க்கும். மேல்பக்கம் மினுமினுப்பு கிடையாது, தடவினால் வெல்வெட் துணி போல இருக்கும், தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். தாமரை இலைத் தண்ணீர் என்று சொல்கிறார்களே, சேம்பிலைத் தண்ணீரும் அதேதான். மழையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடியதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் படத்தில் இருந்தது பெரிய அலோகேசியா. காம்பு பிளவில் சேரும், இலை பளபளவென்று எண்ணெய் தேய்த்த மாதிரி இருக்கும், நுனி வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும். வயதான செடியில் தண்டு மண்ணுக்கு மேலேயே ஆள் கால் கனத்துக்கு வளர்ந்து நிற்கும். கல்யாண மண்டப வாசலுக்கு அருமையான செடி. அடுக்களைக்கு வேண்டாம்.

மூன்றாவது, எங்கள் பக்கம் பால்சேம்பு என்று சொல்வது, சாந்தோசோமா. தென் அமெரிக்காப் பக்கத்துச் செடி, இங்கே வந்து ஊரோடு ஒன்றிவிட்டது. இதற்கும் காம்பு பிளவில்தான் சேரும், ஆனால் இலை அம்பு மாதிரி, இரண்டு காதும் நன்றாக விலகி நிற்கும். விளிம்பை ஒட்டி ஒரு நரம்பு, சேலைக்கரையை ஒட்டிப் போட்ட தையல் போலத் தெளிவாக ஓடும். வெட்டினால் பால் வடியும். இதில் பக்கத்துக் கிழங்குகளைத்தான் சாப்பிடுவோம், நடுவில் இருக்கும் தாய்க்கிழங்கு காறும்.

அப்புறம் கலேடியம். சிவப்பும் வெள்ளையும் ரோஸும் தெளித்த, காகிதம் போல மெல்லிய இலை. இதில் காம்பு சேம்பு போலவே உள்ளே தள்ளித்தான் ஒட்டும். வீட்டுக்குள் வைக்கும் சின்ன அலோகேசியாவிலும், கரும்பச்சை இலையில் வெள்ளை நரம்பு ஓடுமே அதிலும், காம்பு உள்ளே தள்ளித்தான் இருக்கும். ஆகவே காம்பு பிளவில் சேர்ந்தால் அது சேம்பு இல்லை என்று அடித்துச் சொல்லலாம். உள்ளே தள்ளிச் சேர்ந்தால் மட்டும் அது சேம்புதான் என்று சொல்லிவிட முடியாது. என் வழி இதுதான்: காய்கறிக் கடையில் கிழங்கு வாங்கி, நானே நட்டு வளர்த்த சேம்பில்தான் இலை பறிப்பேன். நர்சரித் தொட்டியிலிருந்து ஒரு இலைகூட அடுப்புக்குப் போகாது.

நல்ல சேம்பும் காறாமல் இருக்காது. இந்தச் செடிகளில் எல்லாம் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியாகப் படிந்திருக்கிறது, அதுதான் வாயில் குத்துகிறது. கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு தாள் அரிந்து, கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புளி சேர்த்து மறுபடியும் குழைய வேகவிட வேண்டும். அவசரக்காரர்களுக்கு இந்தக் கறி ஆகாது.

வளர்ப்பதைப் பற்றி உங்கள் குறிப்பில் எல்லாவற்றுக்கும் சேர்த்து 'தினமும் தண்ணீர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். சேம்புக்கு அது சரி. துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், காலடி ஈரம் காயாத இடத்தில் அது கொழுத்து நிற்கும். மழைக்கு முன்னே சின்னப் பக்கக்கிழங்கை நட்டால் ஆறேழு மாதத்தில் இலை மஞ்சளாகும், அப்போது தோண்டலாம். விடாத மழையில் இலையில் தண்ணீர் ஊறிய மாதிரி வட்டப் புள்ளி விழுந்து வளையம் வளையமாகப் பரவும், அது இலைக்கருகல். அந்த இலைகளை அன்றே வெட்டி அப்புறப்படுத்தாவிட்டால் ஒரு வாரத்தில் பாத்தி முழுவதும் போய்விடும். 2018 மழையில் எனக்கு அப்படித்தான் போனது. அடுத்த வருடம் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் இருக்கும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம்வரை பஸ்ஸில் போய் விசாரித்து வந்தேன். 1963-இல் தொடங்கிய நிலையம் அது. ஸ்ரீ ரஷ்மி, ஸ்ரீ பல்லவி, ஸ்ரீ கிரண் என்று சேம்பிலேயே வகைகள் வெளியிட்டிருக்கிறார்கள்.

அலோகேசியாவுக்கு அவ்வளவு தண்ணீர் விட்டால் வேர் அழுகிவிடும். மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும், பாதி நிழல் வேண்டும். கலேடியம் குளிர் மாதங்களில் இலையெல்லாம் உதிர்ந்து மண்ணுக்குள் உறங்கும். செத்துவிட்டது என்று நினைத்துத் தொட்டியைக் கவிழ்த்துவிடுகிறார்கள். நானும் முதல் வருடம் கவிழ்த்தவள்தான். தண்ணீரை நிறுத்திக் கிழங்கைக் காய்ந்த மணலில் வைத்திருந்தால் வெயில் ஏறியதும் துளிர்க்கும்.

இன்னொன்று. யானைக்காது என்ற பெயர் ஆங்கிலத்திலிருந்து வந்தது என்று எழுதியிருந்தார்கள். நர்சரிப் பலகையில் இருக்கும் பெயர் அப்படி வந்திருக்கலாம். ஆனால் இலையைப் பார்த்து யானையின் காதை நினைப்பது நமக்குப் புதிதல்ல. ஓய்வு பெற்ற பிறகு நூலகத்தில் குறுந்தொகை எடுத்து வாசிக்கிறேன். 76-ஆம் பாட்டில், முன்பனிக் காலத்து வாடை மலைச்சரிவில் சேம்பிலையைப் பெருங்களிற்றின் செவி போல ஆட்டுகிறது என்று கிள்ளிமங்கலங்கிழார் பாடியிருக்கிறார். தலைவன் பிரிந்து போகிறானாமே என்று தலைவி நொந்துபோகும் இடம். எங்கள் கிணற்றடியில் மார்கழி விடியலில் அந்த இலை ஆடுவதைப் பார்த்துவிட்டு அந்தப் பாட்டை வாசித்தால் ஒரு சொல்லுக்கும் உரை தேவைப்படாது.

அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் போடுங்கள். முடிந்தால் இலையின் பின்பக்கம், காம்பு சேரும் இடம் தெரியும்படி, சேம்பையும் அலோகேசியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் போடுங்கள். படம் இல்லையென்றால் சொல்லுங்கள். சேம்பு, பால்சேம்பு இரண்டும் என் கிணற்றடியில் நிற்கின்றன, மருமகள் வாங்கிய அலோகேசியாவும் இப்போது என் திண்ணை ஓரத்தில்தான் இருக்கிறது, அதை அவள் தொடுவதே இல்லை. பேரன் லீவுக்கு வந்திருக்கிறான், எடுத்து அனுப்புவான். ஆடி பிறந்தால் தாளை வெட்டிவிடுவேன், அதற்குள் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்