9 காட்சிகளில் ஒரு புதிய நாடகம் என்ன செய்யும்?

மதிப்பிற்குரிய கலை இயக்குநருக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம்.

அடுத்த சீசனுக்கான நாடகப் பட்டியல் போன வாரம் கைக்கு வந்தது. மொத்தம் 6 தயாரிப்புகள். பாட்டும் ஆட்டமுமாகக் கதை சொல்லும் மியூசிக்கல்கள் 3, ஒரு துப்பறியும் நாடகம், ஒரு நகைச்சுவை. இவை ஐந்தும் பெரிய அரங்கில், ஒவ்வொன்றும் 5 வாரம். ஆறாவதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கடைசிப் பக்கத்தில், சந்தாப் படிவத்துக்குச் சற்று மேலே, பொடி எழுத்தில் ஒரு புதிய நாடகம். சிறிய அரங்கு, 9 காட்சிகள், அதாவது மொத்தமே 9 முறைதான் மேடையேறும். "துணிச்சலான ரசிகர்களுக்கு" என்று ஒரு குறிப்பு வேறு. வாசலில் நாய் இருக்கிறது என்று பலகை மாட்டுவதுபோல அது இருந்தது.

நான் இந்த அரங்கின் பழைய சந்தாதாரன். 4 சீசன்கள் தன்னார்வலனாக வாசலில் நின்று டிக்கெட் கிழித்திருக்கிறேன், தாமதமாக வந்தவர்களுக்கு டார்ச் அடித்து இருக்கை காட்டியிருக்கிறேன். வரப்போகும் சீசனுக்கும் பணம் கட்டியாகிவிட்டது. ஆகவே இதை யாரும் மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த 9 என்ற எண்ணைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மியூசிக்கல்கள் பெருத்துவிட்டன என்று புலம்பும் கூட்டத்தில் நான் இல்லை. இயல், இசை, நாடகம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய மொழிக்காரன் நான். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களிலிருந்து பாட்டை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? பாட்டு வந்தால் நாடகத்தின் தரம் இறங்கிவிடும் என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துவராது.

மியூசிக்கல் ஒத்திகைகளில் சிட்ஸ்புரோபே என்று ஒரு நாள் உண்டு. ஜெர்மன் சொல், உட்கார்ந்து செய்யும் ஒத்திகை என்று அர்த்தம். அதுவரை ஒரே ஒரு பியானோவை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் பாடிப் பழகிய நடிகர்கள், முதல்முறையாக முழு வாத்தியக் குழுவோடு உட்கார்ந்து பாடும் நாள் அது. உடை இல்லை, ஆட்டம் இல்லை, விளக்கு இல்லை. வாசல் வேலைக்கு ஒருநாள் சீக்கிரமே வந்துவிட்டதால், உங்கள் அரங்கில் அதை நான் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கோரஸில் இருந்த ஓர் இளம் பெண், தன் வரிக்கு அடியில் செல்லோ வாத்தியத்தின் ஒலி எழுந்து வந்ததும் பாடுவதை அப்படியே நிறுத்திவிட்டுச் சிரித்துவிட்டார். தனக்குக் கீழே இப்படி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது என்று அவருக்கு அதுவரை தெரியாது. இசை நடத்துநர் கோபிக்கவில்லை. கோலைத் தாழ்த்தி, அவர் மூச்சு வாங்கும்வரை காத்திருந்து, மறுபடி ஆரம்பித்தார். நான் பார்த்த எத்தனையோ முதல்நாள் காட்சிகள் மறந்துபோய்விட்டன, இது மறக்கவில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பட்டியலில் இரண்டாவது மியூசிக்கலுக்குக் கீழே "பதிவுசெய்யப்பட்ட இசையுடன்" என்று இருக்கிறது. செலவு தெரியாமல் பேசவில்லை. ஆனால் நம் ஊர்த் திருவிழாக்களில் பாட்டும் வசனமுமாக நடக்கும் ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே நடிகர்களும் வாத்தியக்காரர்களும் பெரும்பாலும் தனித்தனியாக அமர்த்தப்பட்டு, சேர்ந்த ஒத்திகைகூட இல்லாமல் அன்றைக்கு மேடையில்தான் கூடுவார்கள். நடிகர் ஒரு வரியை இழுத்தால் ஆர்மோனியம் கூடவே இழுக்கும், வசனத்துக்குத் தாவினால் அதுவும் இறங்கிக் காத்திருக்கும். பாட்டு நடிகரின் பின்னால் போகும். பதிவுசெய்த இசையில் நடிகர்தான் பாட்டின் பின்னால் ஓட வேண்டும். ஒருநாள் சிரிப்பு கூடுதலாக எழுந்தாலும் சரி, தொண்டை கட்டினாலும் சரி, டிராக் நிற்காது. வாத்தியக்காரர்களைப் பாதியாகக் குறைத்தாலும் பரவாயில்லை, 4 பேராவது உயிரோடு உட்காரட்டும். சரி, இது என் இரண்டாவது மனக்குறைதான். முதல் குறைக்கு வருகிறேன்.

பணம் இல்லை என்பீர்கள். உண்மைதான், எந்த அரங்குக்கும் இல்லை. 1966-ல் வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் நிகழ்த்துகலைகளின் வரவுசெலவை அலசி எழுதியதன் சாரம் இன்றும் மாறவில்லை. தொழிற்சாலையில் ஒரு பொருளைச் செய்ய ஆகும் உழைப்பு வருடத்துக்கு வருடம் குறைகிறது. 4 பேர் வாசிக்க வேண்டிய இசைக்கோவையை இன்றும் 4 பேர்தான் வாசிக்க வேண்டும், அதே நேரம்தான் ஆகும். மற்ற தொழில்களில் சம்பளம் ஏற ஏற, இங்கேயும் ஏற்றித்தான் ஆக வேண்டும். டிக்கெட் வருமானம் மட்டும் அதை எட்டிப் பிடிக்காது. ஆகவே பலருக்கும் தெரிந்த தலைப்புகளையும், கூட்டம் நிச்சயம் வரும் மியூசிக்கல்களையும் நீங்கள் போடுவது புரிகிறது. அவைதான் கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்கின்றன. மியூசிக்கல் மலிவு என்றும் நான் நினைக்கவில்லை. உரிமைத் தொகை, வாடகைக்கு வரும் இசைத் தாள்கள், யார் விழுந்தாலும் எழுந்து ஆடத் தயாராக பல பாத்திரங்களைக் கற்றுவைத்திருக்கும் மாற்று நடிகர்கள் என்று அது தின்பதும் அதிகம்.

ஆனால் அது சம்பாதிப்பது எதற்காக என்றுதான் கேட்கிறேன்.

நியூயார்க்கில் பப்ளிக் தியேட்டர் என்ற லாப நோக்கற்ற அரங்கம் இருக்கிறது. 1974 ஜனவரியில் நடனக் கலைஞர்கள் சிலர் ஓர் இரவு வட்டமாக உட்கார்ந்து தங்கள் வாழ்க்கையைப் பேசினார்கள், அதை ஒலிநாடாவில் பிடித்தார்கள். அந்தப் பேச்சை வைத்துப் பல மாதங்கள் பட்டறை நடத்த அந்த அரங்கம் இடம் கொடுத்தது. அப்படி உருவான மியூசிக்கல்தான் 'எ கோரஸ் லைன்'. 1975-ல் 299 இருக்கைகள் கொண்ட அரங்கில் தொடங்கி, அதே வருடம் ஜூலையில் நியூயார்க்கின் பெரிய வணிக அரங்குகள் இருக்கும் பிராட்வேக்குப் போய், 1990 ஏப்ரல்வரை அங்கே 6,137 காட்சிகள் ஓடியது. அந்த வருமானம் பப்ளிக் தியேட்டரின் மற்ற வேலைகளை எத்தனையோ வருடம் தாங்கிப் பிடித்தது. உங்கள் கூட்டங்களில் மியூசிக்கல்களுக்கு ஆதரவாக இந்தக் கதையைச் சொல்கிறார்கள், நானும் கேட்டிருக்கிறேன். கதையின் முன்பாதியை மட்டும் யாரும் சொல்வதில்லை. அது ஏற்கெனவே புகழ்பெற்ற தலைப்பு இல்லை. யாருக்கும் தெரியாத ஒரு புதிய வேலைக்குச் சிறிய அரங்கில் பொறுமையாகக் காலம் கொடுத்தார்கள்.

நாம் என்ன கொடுக்கிறோம்? 2 சீசன்களுக்கு முன் சிறிய அரங்கில் வந்த புதிய நாடகத்துக்கு நான்தான் வாசலில் நின்றேன். அதற்கும் இதே 9 காட்சிகள்தான். முதல் நாள் அழைப்பிதழ்க்காரர்களும் நடிகர்களின் உறவினர்களும். இரண்டாம், மூன்றாம் நாள் பாதி காலி. நான்காம் நாள் ஒரு விமரிசனம் வந்தது, நல்ல விமரிசனம். அதைப் படித்தவர்கள் வார இறுதிக்குத் திட்டம் போட்டார்கள். வந்து பார்த்தவர்கள் வேலை செய்யும் இடத்தில் போய்ச் சொன்னார்கள். கடைசி 2 நாள் டிக்கெட் கவுன்ட்டரில் வரிசை நின்றது, பலரைத் திருப்பி அனுப்பினோம். "அடுத்த வாரம் உண்டா?" என்று கேட்டுப் போன ஒரு பெரியவருக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை செட்டைப் பிரித்துவிட்டார்கள். அடுத்த மியூசிக்கலின் நடனப் பயிற்சிக்கு அந்த அறை வேண்டியிருந்ததாம்.

அப்புறம் சந்தாதாரர் கூட்டத்தில் புள்ளிவிவரம் காட்டினீர்கள். அந்த நாடகத்துக்குச் சராசரியாகப் பாதி அரங்குதான் நிரம்பியது, புதிய நாடகங்களுக்கு இங்கே ஆள் வருவதில்லை என்று. கணக்கு சரிதான். ஆனால் முதல் பாதியின் காலி இருக்கைகளையும் கடைசி நாளின் வரிசையையும் கூட்டி 9-ஆல் வகுத்தால், வாசலில் நான் பார்த்தது அந்த விடையில் எங்கே இருக்கும்? தெரிந்த தலைப்பு முதல் நாளே கூட்டத்தைக் கூட்டிவரும். தெரியாத நாடகத்துக்கு ஊர் வாய்தான் விளம்பரம். அது சுற்றிவர 2 வாரமாவது ஆகும், நாம் அதற்குள் கடையைக் கட்டிவிடுகிறோம்.

ரஷ்ய எழுத்தாளர் செக்காவின் 'கடற்பறவை' நாடகத்துக்கு நேர்ந்த கதை உங்களுக்குத் தெரியாததில்லை. 1896 அக்டோபரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் முதல்முறை மேடையேறியபோது கூச்சலும் ஏளனமுமாகப் போனது. செக்காவ் அரங்கிலிருந்து எழுந்துபோய், இனி நாடகமே எழுதுவதில்லை என்று சொன்னார். அன்றைய மாலை ஒரு பிரபல நகைச்சுவை நடிகையின் கௌரவக் காட்சி, வந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரிக்க வந்தவர்கள். அடுத்தடுத்த காட்சிகளில் வேறு ஆட்கள் வந்தார்கள், வரவேற்பு நன்றாகவே இருந்தது. அதைச் சொன்னபோது, ஆறுதலுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்து செக்காவ் நம்பவில்லை. 2 வருடம் கழித்து மாஸ்கோ கலை அரங்கம் அதே நாடகத்தைப் போட்டுப் பெற்ற வெற்றி எப்படிப்பட்டது என்பதற்கு, அந்த அரங்கம் இன்றும் கடற்பறவையைச் சின்னமாக வைத்திருப்பதே சாட்சி. நாடகம் மாறவில்லை. யாரை அழைத்தோம், என்ன சொல்லி அழைத்தோம், எத்தனை நாள் காத்திருந்தோம் என்பதுதான் மாறியது.

"நம் ரசிகர்களுக்குப் புரியாது" என்று உங்களில் ஒருவர் அதே கூட்டத்தில் சொன்னதையும் மறக்க முடியவில்லை. பெயர் வேண்டாம், பழகியவர். 1957-ல் கலிஃபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் சாமுவேல் பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' நாடகத்தைப் போட்டார்கள், வராத ஒருவருக்காக இருவர் காத்திருப்பதுதான் கதை. அதில் பெண் பாத்திரம் இல்லை என்பதும் அதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். படித்த பார்வையாளர்களே தலையைச் சொறிந்த நாடகம் அது. சுமார் 1,400 கைதிகள் அதை அமைதியாக உட்கார்ந்து பார்த்தார்கள். காத்திருப்பது என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சந்தா கட்டி வருகிற எங்களுக்கும் கொஞ்சம் வாழ்க்கை தெரியும்.

ஆகவே கேட்பது இதுதான். மியூசிக்கல் எதையும் வெட்ட வேண்டாம். 5 வாரம் ஓடும் ஐந்தில் ஏதாவது ஒன்றை 4 வாரமாக்கி, மிச்சமாகும் ஆட்களையும் நாட்களையும் புதிய நாடகத்துக்குக் கொடுங்கள். 3 வாரம் ஓடட்டும். முறையான முதல் காட்சிக்கு முன்னால் சில முன்னோட்டக் காட்சிகள் வையுங்கள். மியூசிக்கலுக்கு அது இல்லாமல் நீங்கள் திரையைத் தூக்குவதே இல்லை, ஆனால் யாரும் இதுவரை கேட்டிராத வசனத்துக்குத்தான் அது அதிகம் தேவை. எங்கே சிரிக்கிறார்கள், எங்கே இருமுகிறார்கள் என்று எழுத்தாளர் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, மறுநாள் காலை ஒரு பக்கத்தைக் கிழித்துப் போட அவகாசம் வேண்டும். மூன்றாவது வாரத்துக்குப் பின் சிறிய அரங்கை ஒரு வாரம் காலியாக விட்டுவைத்தால், கூட்டம் கூடினால் நீட்டிக்கலாம், கூடாவிட்டால் நடனப் பயிற்சி நடக்கட்டும்.

அந்தத் "துணிச்சலான ரசிகர்களுக்கு" என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். கதை எதைப் பற்றியது என்று 2 வரி சொன்னால் போதும், வருவதா வேண்டாமா என்று நாங்களே முடிவுசெய்துகொள்கிறோம். பட்டியலில் பாராட்ட வேண்டியதும் இருக்கிறது. வசனத்தை எழுத்தில் காட்டும் காட்சிகளை இந்த முறை பெரிய அரங்கின் எல்லாத் தயாரிப்புகளுக்கும் வைத்திருக்கிறீர்கள். காது மந்தமான என் நண்பருக்கு அதை முதலில் சொன்னேன், அவரும் சந்தா கட்டிவிட்டார். சிறிய அரங்குக்கும் ஒரு நாள் வைத்தால் அவரையும் இழுத்துக்கொண்டு வருவேன்.

படிவத்தில் மற்ற ஐந்துக்கும் தேதி குறித்து அனுப்பியிருக்கிறேன். புதிய நாடகத்துக்கு நேரே உள்ள கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், மறதி இல்லை. காட்சிகள் கூடினால் மூன்றாவது வாரத்தில் ஏதாவது ஒரு நாள், 2 டிக்கெட். கூடாவிட்டால் நான்காம் நாள் போட்டுவிடுங்கள், அன்றைக்கு இடம் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய சந்தாதாரன், வாசல் தன்னார்வலன்