விளையாட்டு பீரியட் பற்றி, பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

தேர்வு நெருங்குகிறது, விளையாட்டு பீரியடில் பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லுங்கள் என்று உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த ஒரு பீரியடை விட்டுத்தர எனக்கு மனம் வரவில்லை. இந்த வாரம் காலை வழிபாட்டில் பிள்ளைகளுக்குச் சொன்ன ஒருவரைப் பற்றி உங்களுக்கும் சொல்கிறேன்.

லூசியன் லோரான், பிரான்ஸ் நாட்டுக்காரர். 1907இல் பாரிஸை ஒட்டிய ஊரில் பிறந்தவர். பெஜோ கார் கம்பெனியில் வேலை. வேலை நேரம் போகத்தான் கால்பந்து. சம்பளத்துக்கு ஆடும் முறை அங்கே 1932இல்தான் வந்தது. 1930இல் முதல் உலகக் கோப்பைக்காக லோரானும் பிரான்ஸ் அணியினரும் உருகுவேக்குக் கப்பலேறினார்கள். இரண்டு வாரப் பயணம். மைதானத்துக்கு எங்கே போவது? மேல்தளத்தில் ஓடினார்கள், படிகளில் ஏறி இறங்கினார்கள், அதுதான் பயிற்சி.

ஜூலை 13, மான்டிவிடியோவில் மெக்சிகோவுடன் ஆட்டம். 19ஆவது நிமிடத்தில் சக ஆட்டக்காரர் லிபெராட்டி தூக்கிக் கொடுத்த பந்தை, தரையில் விழுமுன்பே லோரான் வலைக்குள் அடித்தார். உலகக் கோப்பை வரலாற்றின் முதல் கோல் அது! சற்று நேரத்தில் பிரான்ஸ் கோல்கீப்பர் தெபோ அடிபட்டு வெளியேறினார். அப்போது மாற்று ஆட்டக்காரரை இறக்க முடியாது. களத்தில் ஆடிக்கொண்டிருந்த ஷாந்த்ரெல் போய் கோல் காத்தார். 10 பேராகவே ஆடி 4-1 என ஜெயித்தார்கள். பிள்ளைகள் விடாமல் கேள்வி கேட்டது இந்த இடத்தில்தான்.

அடுத்து அர்ஜென்டினாவிடம் தோல்வி. அதில் லோரானுக்கும் காயம். சிலியுடன் ஆட முடியவில்லை. நாட்டுக்காக அவர் ஆடியது மொத்தம் 10 ஆட்டம், அடித்தது 2 கோல். இன்னொன்று, 1931இல் இங்கிலாந்தை 5-2 என வென்றபோது அடித்தது. பெரிய கணக்கில்லைதான். ஆனால் பிழைப்புக்கு ஒரு வேலையும் பார்த்துக்கொண்டு ஆட்டத்தையும் விடாத மனிதர் அவர், நம் பிள்ளைகளுக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பவர் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டாம் உலகப் போரில் மூன்றாண்டுகள் போர்க்கைதியாக இருந்தார். மீண்டு வந்தும் ஆடினார், அப்புறம் பயிற்சியாளரானார். 1998இல் பிரான்ஸ் உலகக் கோப்பையை வென்றபோது, 1930 அணியில் உயிரோடு இருந்தவர் அவர் ஒருவர்தான். 2005இல், 97 வயதில் காலமானார்.

எனவே பத்தாம் வகுப்புக்கும் விளையாட்டு பீரியட் வழக்கம்போல நடக்கும். உடல்நலக் குறைவு இருந்தால் மட்டும் விடுப்புக் கடிதம் கொடுத்தனுப்புங்கள். கணக்கில் பின்தங்கியவர்களுக்கு மாலையில் தனி வகுப்பு உண்டு. ஷூ வாங்க வசதியில்லை என்றால் உடற்கல்வி ஆசிரியரிடம் சொல்லுங்கள், பள்ளியிலேயே ஏற்பாடு செய்கிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்