தேன்மொழிக்கு: பி.எச்.ஆர் தேர்வுக்கு எதற்குச் செலவழிப்பது, எதற்கு வேண்டாம்

அன்புள்ள தேனு,

ஆன்லைன் பயிற்சிப் பாக்கேஜுக்கு அறுநூறு டாலர் கட்டலாமா என்று கேட்டிருந்தாய். கட்டாதே. பி.எச்.ஆர் என்ற இந்த அமெரிக்க மனிதவள (எச்.ஆர்) சான்றிதழ்த் தேர்வில் தவிர்க்க முடியாத செலவு, அதை நடத்தும் எச்.ஆர்.சி.ஐ அமைப்புக்குச் செலுத்தும் கட்டணம் மட்டும்தான். பி.எச்.ஆருக்கு விண்ணப்பக் கட்டணம் 100 டாலர், தேர்வுக் கட்டணம் 395, ஆக 495. (கட்டுவதற்கு முன் அவர்கள் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள், இதெல்லாம் ஏறக்கூடியது.) மற்றதையெல்லாம் நூறு டாலருக்குள் முடித்துவிடலாம். அரைகுறையாகப் போய் உட்கார்ந்து, தோற்று, மறுபடி கட்டணம் கட்டுவதுதான் கையைக் கடிக்கும். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த இரண்டாவது கட்டணத்தைத் தவிர்ப்பதற்காகத்தான்.

முதலில் எந்தத் தேர்வு என்பதை முடிவு செய். இளங்கலைப் பட்டத்தோடு எச்.ஆரில் தொழில்முறை நிலையில் இரண்டு ஆண்டு அனுபவம் இருந்தால் பி.எச்.ஆர் எழுதலாம். முதுகலைக்கு ஓராண்டு போதும், பட்டம் இல்லாதவர்களுக்கு நான்காண்டு. அனுபவம் போதவில்லை என்றால் தொடக்க நிலைத் தேர்வான ஏ.பி.எச்.ஆர் எழுது, அதற்கு அனுபவமே கேட்பதில்லை. உன் தோழி சொல்லும் எஸ்.எச்.ஆர்.எம்-சி.பி வேறு அமைப்பு நடத்துவது. அதன் 134 கேள்விகளில் 54 'இந்த நிலைமையில் என்ன செய்வாய்' வகை. ஆண்டுக்கு இரண்டு பருவங்களில்தான் எழுத முடியும். நீ தினமும் பார்ப்பது விடுப்பு, சம்பளம், அமெரிக்காவில் வேலை செய்யும் தகுதியைச் சரிபார்க்கும் ஐ-9 படிவம் என்பதால் சட்டமும் நடைமுறையும் கூடுதலாக வரும் பி.எச்.ஆர்தான் உனக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம். பின்னால் வேறு நாட்டில் வேலை பார்க்கும் யோசனை இருந்தால் மட்டும் இப்போதே சொல். பி.எச்.ஆர்.ஐ என்ற பன்னாட்டுத் தேர்வில் அமெரிக்கச் சட்டமே கிடையாது, படிக்க வேண்டியதே மாறிப்போகும்.

பணம் கட்டும் முன் உன் கம்பெனியின் கல்வி உதவிக் கொள்கையை எடுத்துப் படி. எச்.ஆரில் இருப்பவர்களே அதைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். பல இடங்களில் முன் அனுமதி வாங்கியிருந்தால்தான் பணம் திரும்பக் கிடைக்கும். ரசீதை அப்புறம் நீட்டினால் கதை முடிந்தது. தேறினால்தான் தருவார்களா, தந்த பிறகு ஓராண்டுக்குள் வேலையை விட்டால் திருப்பிக் கேட்பார்களா என்பதையும் கேட்டுக்கொள்.

இனி படிக்க வேண்டியவை. எச்.ஆர்.சி.ஐ தளத்திலேயே தேர்வின் பாடத்திட்டம் இலவசமாகக் கிடைக்கும். அதை அச்செடுத்து வைத்துக்கொள், மற்ற எல்லாப் புத்தகத்துக்கும் அதுதான் எஜமான். 2024-இல் வந்த திட்டத்தில் ஊழியர் உறவும் தொழிலாளர் உறவும் 20 சதவீதம், ஊழியர் ஈடுபாடு 17, ஊதியமும் பலன்களும் 15. கற்றலும் மேம்பாடும் 10 சதவீதம்தான். பயிற்சியின் பலனை அளக்கும் கர்க்பாட்ரிக்கின் நான்கு நிலைகள், ஊக்கம் பற்றிய மாஸ்லோ, ஹெர்ஸ்பெர்க் என்று கோட்பாடுகள் படிக்கச் சுகமாக இருப்பதால் பலர் அங்கேயே மூன்று வாரம் தங்கிவிடுகிறார்கள். சதவீதத்தைப் பார்த்து நேரத்தைப் பிரித்துக்கொள்.

சட்டப் பகுதிக்குக் காசே வேண்டாம். தொழிலாளர் துறை, வேலையிடப் பாகுபாட்டைக் கவனிக்கும் இ.இ.ஓ.சி, பணியிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஓஷா ஆகியவற்றின் தளங்களில் ஒவ்வொரு சட்டத்துக்கும் சுருக்கமான விளக்கத் தாள்கள் இருக்கின்றன. சட்டத்தை அமல்படுத்துகிறவர்களே எழுதியவை என்பதால் எந்தத் தயாரிப்புப் புத்தகத்தையும் விட நம்பலாம். மற்ற பாடங்களுக்குப் பொது நூலகத்தில் ஒரு தயாரிப்புப் புத்தகம் எடு. அங்கே இல்லையென்றால் வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருவார்கள். பல நூலக அட்டைகளுக்கு லிங்க்ட்இன் லேர்னிங் வகுப்புகளும் இலவசம்.

பழைய புத்தகத்தைப் பாதி விலைக்கு வாங்குவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 2024-க்கு முந்தைய பதிப்பு என்றால் ஊழியர் உறவுக்கு 39 சதவீதம் என்று போட்டிருக்கும், உன் நேரப் பங்கீடே தப்பாகிவிடும். சட்டத்தில் இன்னும் மோசம். கர்ப்பிணி ஊழியர்களுக்கு வேலையிட வசதி செய்து தரச் சொல்லும் சட்டம் 2023 ஜூன் 27 முதல்தான் அமலில் இருக்கிறது. அதற்கு முந்தைய புத்தகத்தில் அது நடைமுறையாக இருக்காது. கூட்டாட்சி அரசின் ஒப்பந்ததாரர்கள் பாகுபாடில்லாமல் வேலை தர வேண்டும் என்ற 11246-ஆம் எண் நிர்வாக ஆணைக்குப் பழைய நூல்களில் பக்கம் பக்கமாக இடம் கொடுத்திருப்பார்கள். அது 2025 ஜனவரியில் ரத்தாகிவிட்டது. புதிய புத்தகமும் ஏமாற்றும். ஓவர்டைம் தர வேண்டாத ஊழியருக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச வாரச் சம்பளத்தை 2024 ஜூலையில் 844 டாலராக ஏற்றினார்கள். அதே ஆண்டு நவம்பரில் நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளுபடி செய்ததால் பழைய 684-க்கே திரும்பியது. அதனால் புத்தகத்தில் எந்தத் தொகையைப் பார்த்தாலும் தொழிலாளர் துறையின் தளத்தில் சரிபார்த்த பிறகே நோட்டில் எழுது. செயற்கை நுண்ணறிவிடம் கேள்வி தயாரிக்கச் சொன்னாலும் இதே விதிதான். எண்களை அது கொஞ்சமும் கூச்சமில்லாமல் தப்பாகச் சொல்லும்.

ஒரே பக்கத்தில் ஒரு பட்டியல் போடு: எத்தனை ஊழியர் இருந்தால் எந்தச் சட்டம். 15 பேர் என்றால் இனம், மதம், பாலினம் போன்றவற்றால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்கான ஏ.டி.ஏ, மரபணுத் தகவலை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம். 20 பேர் என்றால் வயதுப் பாகுபாட்டுச் சட்டம் (40 வயதும் அதற்கு மேலும்), வேலை போன பின்னும் காப்பீட்டைத் தொடரவிடும் கோப்ரா. 50 பேர் என்றால் குடும்ப, மருத்துவ விடுப்புக்கான எஃப்.எம்.எல்.ஏ. 100 பேர் என்றால் கூட்டு ஆட்குறைப்புக்கு 60 நாள் முன்னறிவிப்புக் கேட்கும் வார்ன் சட்டம். இதை மனப்பாடம் செய்ய ஒரு மாலை போதும்.

ஆனால் கேள்வி அப்படி நேராக வராது. 300 பேர் உள்ள கம்பெனி, 12 பேர் மட்டும் வேலை செய்யும் ஒரு கிளை, அடுத்த கிளை நூறு மைலுக்கு அப்பால். அந்த 12 பேரில் ஒருவர் எஃப்.எம்.எல்.ஏ விடுப்புக் கேட்கிறார் என்று வரும். 300-ஐப் பார்த்ததும் 'உண்டு' என்று தட்டிவிடுவார்கள். அவர் வேலை செய்யும் இடத்திலிருந்து 75 மைலுக்குள் 50 பேர் இல்லாததால் அவருக்குத் தகுதி இல்லை. 12 மாதம் வேலை செய்தாரா, முந்தைய 12 மாதத்தில் 1,250 மணி நேரம் உழைத்தாரா என்ற இரண்டையும் சேர்த்துப் பார். இன்னொரு கண்ணி: எஃப்.எம்.எல்.ஏ தரும் 12 வார விடுப்பு முடிந்தும் ஊழியர் திரும்பவில்லை, அடுத்து என்ன? 'பணிநீக்கம்' என்ற விடை கண்ணைப் பறிக்கும். எஃப்.எம்.எல்.ஏ தீர்ந்தாலும் ஏ.டி.ஏ-யின் கீழ் கூடுதல் விடுப்பே ஒரு நியாயமான வசதியாக இருக்கலாம், அதை ஊழியரோடு பேசிப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர்கள் எதிர்பார்ப்பது.

உன் ஆபீஸ் பழக்கமே உனக்கு எதிரியாகும் இடமும் உண்டு. கலிஃபோர்னியாவில் சாதாரணமாக ஒரு நாளில் எட்டு மணி நேரம் தாண்டினாலே ஓவர்டைம். கூட்டாட்சிச் சட்டத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம் தாண்டினால்தான். பி.எச்.ஆர் கேட்பது கூட்டாட்சிச் சட்டத்தை. 'நாங்கள் இப்படித்தான் செய்வோம்' என்று மனம் சொன்னால் அந்தக் கேள்வியில் ஒரு நொடி நின்று யோசி.

ஐ-9 உனக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்ற கணக்கில் கோட்டை விடுவார்கள். வேலைக்கு எடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டு, விலகிய நாளிலிருந்து ஓராண்டு. இரண்டில் எது பிந்தியதோ அதுவரை. 2020 மார்ச் 1-இல் சேர்ந்து 2022 ஜூன் 1-இல் விலகியவரின் படிவத்தை 2023 ஜூன் 1 வரை வைத்திருக்க வேண்டும்.

கணக்குகள் அதிகமில்லை, ஆனால் சும்மா கிடைக்கும் மதிப்பெண்கள். 240 பேர் சராசரியாக இருந்த ஆண்டில் 18 பேர் விலகினால் விலகல் விகிதம் 7.5 சதவீதம். ஊதிய வரம்பின் நடுப்புள்ளி 60,000, ஊழியர் வாங்குவது 54,000 என்றால் கம்பா விகிதம் (சம்பளத்தை நடுப்புள்ளியால் வகுப்பது) 0.90. ஐந்தில் நான்கு விதி (ஒரு பிரிவினரைத் தேர்ந்தெடுக்கும் விகிதம், அதிகம் தேர்வான பிரிவின் விகிதத்தில் 80 சதவீதமாவது இருக்க வேண்டும்): விண்ணப்பித்த 120 ஆண்களில் 60 பேரையும் 60 பெண்களில் 18 பேரையும் வேலைக்கு எடுத்தால் விகிதங்கள் 50, 30 சதவீதம், முப்பதை ஐம்பதால் வகுத்தால் 60 சதவீதம். 80-க்குக் கீழே வந்துவிட்டதால் பாதகத் தாக்கத்துக்கான (தேர்வு முறை ஒரு பிரிவினரை அதிகமாகப் பாதிப்பதற்கான) அறிகுறி.

ஓவர்டைம் கணக்கைத்தான் நீ கையால் போட்டுப் பழக வேண்டும். மணிக்கு 20 டாலர் வாங்குபவர் ஒரு வாரத்தில் 46 மணி நேரம் உழைத்தார், முன்பே வாக்களித்த உற்பத்தி போனஸ் 46 டாலரும் அந்த வாரத்துக்கு உண்டு. பலர் 800 + 180 + 46 = 1,026 என்பார்கள். தவறு, போனஸ் மணிக்கூலிக்குள் போக வேண்டும். 46 × 20 = 920, போனஸோடு 966; அதை 46-ஆல் வகுத்தால் 21 டாலர். கூடுதல் ஆறு மணி நேரத்துக்குப் பாதி விகிதம் 10.50 × 6 = 63. மொத்தம் 1,029. விடைகளில் 1,026-உம் இருக்கும் என்று வைத்துக்கொள்.

நேரம்: வாரநாளில் ஒரு மணி, சனிக்கிழமை மூன்று மணி என்று பன்னிரண்டு வாரம் போதும். அந்த நூறு டாலரில் செலவு செய்வதென்றால் நல்ல கேள்வி வங்கி ஒன்றுக்குச் செய். ஒரு மாத சந்தா போதும், அதையும் முதல் நாளே வாங்காமல் எட்டாவது வாரம் வாங்கு. சீக்கிரம் வாங்கினால் பாடம் தெரியாமலே கேள்விகளைத் தீர்த்துவிடுவாய். இரண்டாம் முறை வரும்போது விடை ஞாபகத்திலிருந்து வரும், மதிப்பெண் வீங்கிக் காட்டும். தவறான ஒவ்வொன்றுக்கும் நோட்டில் காரணம் எழுது: பாடம் தெரியவில்லையா, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லையா, இரண்டு விடைகளுக்கு நடுவே தடுமாறினாயா? மூன்றாவது வகைதான் கடைசி வாரங்களில் மிஞ்சும். 'முதலில் என்ன செய்வாய்' என்று கேட்டால் பெரும்பாலும் விவரம் திரட்டுவதுதான் முந்தி, தண்டனையும் மேலிடமும் பிந்தி. 'அசல் கேள்விகள்' என்று மலிவாக விற்பவர்கள் பக்கமே போகாதே, மாட்டினால் சான்றிதழே போய்விடும்.

இதுவரை பார்க்காத கேள்விகளில் 75 சதவீதத்துக்கு மேல் இரண்டு முறை தொடர்ந்து வந்த பிறகு தேதி குறி. 115 கேள்விக்கு இரண்டு மணி நேரம், அதாவது ஒன்றுக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். அதில் 25 கேள்விகள் சோதனைக்காகச் சேர்த்தவை, மதிப்பெண் கிடையாது, எவை என்றும் தெரியாது. கேள்விப்படாத ஏதாவது வந்தால் ஒன்றைக் குறித்துவிட்டு நகர், காலியாக விடாதே. தேற 500 வேண்டும். 100 முதல் 700 வரையிலான அளவுகோலில் மாற்றித் தருவதால் அதைச் சதவீதமாக நினைத்துக் குழம்பாதே.

விண்ணப்பத்தில் பெயரைக் கவனி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராகவும், உன் ஓட்டுநர் உரிமத்தில் வேறு வரிசையிலும் இருக்கலாம். தேர்வு நாளில் எந்த அடையாள அட்டையை நீட்டப்போகிறாயோ அதில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து கொடு. முரண்பட்டால் உள்ளே விடமாட்டார்கள், கட்டிய பணமும் போகும். வீட்டிலிருந்து எழுதலாம் என்றாலும் உனக்கு மையம்தான் நல்லது. ஆபீஸ் லேப்டாப்பின் பாதுகாப்பு அமைப்பு தேர்வு மென்பொருளைத் தடுக்கும், உன் அறைத்தோழி தெரியாமல் கதவைத் திறந்தாலே தேர்வை நிறுத்திவிடுவார்கள். வேறு வழியில்லை என்றால் அதே கணினி, அதே இணையத்தில் முன்கூட்டியே சோதித்துப் பார்.

தேறிய பிறகு மூன்றாண்டுக்குள் 60 புள்ளி சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். இலவச வெபினார்களிலேயே நிறையச் சேரும். ஒவ்வொன்று முடிந்ததும் சான்றிதழை அன்றைக்கே தரவிறக்கி, எச்.ஆர்.சி.ஐ கணக்கில் பதிந்துவிடு.

அன்புடன்,
அம்மா