பாவ்லே மெர்கூ: பெயருக்குக் காது கொடுத்தவர்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. இசையமைப்பாளருக்குப் பெயராராய்ச்சி எதற்கு என்று கேட்டிருந்தாய். மெர்கூ விஷயத்தில் இரண்டுக்கும் காதுதான் முதல்.

1927-இல் இத்தாலியின் ட்ரியெஸ்டே நகரில் பிறந்த ஸ்லோவீனியர் அவர். குடும்பப்பெயர்களை இத்தாலியமாக்கும் பாசிச ஆணை அந்தப் பகுதிக்கு நீட்டிக்கப்பட்டதும் அதே ஆண்டுதான். ஊர்ப்பெயர்கள் 1923-லேயே மாட்டிக்கொண்டன. நாப்ரெஷினா அவுரிஸீனா ஆனது. குடும்பப்பெயரில், வொதொபிவெட்ஸ், அதாவது தண்ணீர் குடிப்பவர், மொழிபெயர்க்கப்பட்டு பெவிலாக்வா ஆனார்.

பழைய வடிவத்தை மீட்க அரசு ஏடு மட்டும் போதாது. 1563-இல் டிரென்ட் பொதுச்சங்கம் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைக் கட்டாயமாக்கியதால் தேவாலய ஏடுகள் உண்டு. சிக்கலும் அங்கேதான். தலையில் கொக்கி போட்ட č, š, ž எழுத்துகள் ஸ்லோவீன் மொழிக்கு வந்தது 19-ஆம் நூற்றாண்டின் நடுவில். அதற்கு முன் லத்தீனிலும் இத்தாலியத்திலும் எழுதிய பாதிரியார்கள், 'ச்ச' ஒலியை ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். அகரவரிசையில் அடுக்கினால் ஒரே குடும்பம் நான்காகச் சிதறும். ஆகவே எழுத்தை நம்பாமல், இன்றைய தலைமுறையிலிருந்து தகப்பன் பெயர், தாய் பெயர், வீடு என்று பின்னோக்கிப் போக வேண்டும்.

ஊர்ப்பெயருக்கு வேறு வழி. "உங்கள் ஊர்ப் பெயர் என்ன?" என்று கேட்டால் பலகையில் உள்ளதையே சொல்வார்கள். எங்கே இருக்கிறீர்கள், எங்கிருந்து வருகிறீர்கள், அந்த ஊர்க்காரரை எப்படி அழைப்பீர்கள் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். ட்ரியெஸ்டேக்கு மேலே உள்ள ஓப்ச்சினேயை எடுத்துக்கொள். 'அங்கே' என்பதற்கு 'நா ஓப்ச்சினாஹ்' என்பார்கள். அந்த வேற்றுமையில்தான் பெயர் பன்மை என்று தெரிகிறது. ஒப்பிச்சினா என்ற இத்தாலிய வடிவம் இதைக் காட்டாது.

இத்தாலியின் வடகிழக்கில் ஸ்லோவீனியர் வாழும் ரெஸியா, நாதீஷா பள்ளத்தாக்குகளில் நாட்டுப்பாடல்களை ஒலிப்பதிவு செய்து, வட்டாரப் பேச்சின் அழுத்தத்தைக் கேட்டுக் கேட்டுக் குறித்தவர் அவர். 1976-இல் வந்த 'இத்தாலியில் வாழும் ஸ்லோவீனியரின் நாட்டார் மரபு' அந்த உழைப்பு. இத்தாலியிலுள்ள ஸ்லோவீன் ஊர்ப்பெயர்கள் பற்றிய நூல் 1999-இல் வந்தது. ஸ்லோவீனியா நாட்டின் உயரிய கலை விருதான ப்ரெஷெரென் 2014-இல், அவர் மறைந்த ஆண்டில், கிடைத்தது. அவ்வளவு தாமதித்திருக்கக் கூடாது.

நீ அனுப்பிய, புனிதர் பெயர் கொண்ட ஸ்லோவீன் ஊர்களின் பட்டியலைப் பார்த்தேன். 'ஷெண்ட்', அதாவது 'புனித', பேச்சில் தேய்ந்து முதலில் ஒரு 'ஷ்' மட்டும் நின்றுவிட்டது. ஷ்டான்யெல் புனித தானியேல், ஷ்டிவான் புனித இவான், ஷ்கோட்ஸ்யான் புனித கான்சியன். இவை சரி. ஆனால் ஷ்கோஃபியேயை எடுத்துவிடு, அது 'ஷ்கோஃப்' என்ற ஆயரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

அன்புடன்,
உன் நண்பன்