இருபத்தைந்து வயது வண்டியை யார் பார்ப்பார்கள்?

பெர்லின்,
பிப்ரவரி 8

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா என்று அண்ணியிடம் கேட்டு எழுதுங்கள். போன வாரம் என் பழைய பிஎம்டபிள்யூ மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசும்போது, "இருபத்தைந்து வயசு வண்டியை அந்த ஊர்ல யாருடா பார்ப்பாங்க?" என்று கேட்டீர்கள். உங்களைப் போன்ற பட்டறைக்காரருக்குப் பதில் சொல்வதென்றால் அளவோடு சொல்ல வேண்டும். போனில் அது முடியாது, அதனால்தான் இந்தக் கடிதம்.

இங்கே பழைய வண்டி வைத்திருப்பவர்களில் நிறையப் பேர் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். பட்டறைக் கூலி மணிக்கு நூறு யூரோவைத் தாண்டும். வீட்டில் இடமில்லாதவர்களுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் பட்டறைகள் உண்டு. லிஃப்டும் டூல்ஸும் அவர்களுடையது, வேலை நம்முடையது. தெருவில் வைத்து ஆயில் மாற்றக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை சுத்தியல் சத்தம் கேட்கக் கூடாது. கழிவு ஆயிலை, புது ஆயில் விற்ற கடையே அதே அளவுக்குக் காசு வாங்காமல் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பில்லை மட்டும் தொலைக்கக் கூடாது.

என் வண்டி பிஎம்டபிள்யூ ஆர் 1100 ஆர்டி, 2000-ஆம் வருட மாடல். இதே பெர்லினில் ஷ்பான்டாவ் என்ற பகுதியில் இருக்கும் தொழிற்சாலையில் செய்தது. 1085 சிசி, பக்கத்துக்கு ஒன்றாக நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சிலிண்டர், 26 லிட்டர் டேங்க். செயின் கிடையாது, ஷாஃப்ட்தான். எடை 280 கிலோ அளவுக்கு வரும்.

இந்த வயதில் இதன் இரும்பு சாமான்களில் பெரிதாக ஒன்றும் கெடுவதில்லை. ரப்பர், பிளாஸ்டிக், வயரின் மேலுறை, இவைதான் நடுவழியில் நிறுத்துகின்றன. ஓடாமல் நின்ற வண்டியிலும் இவை கெடும். கிலோமீட்டர் குறைவு என்று சொல்லி விற்கிற வண்டியை நம்பி வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

முதலில் ஹால் சென்சார். எந்த நேரத்தில் பிளக்கில் பொறி விட வேண்டும் என்று சொல்வது இதுதான், நம் பழைய புல்லட்டில் பாயின்ட் செய்த வேலை. இன்ஜினுக்கு முன்னால், ஆல்டர்னேட்டர் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. வருடக்கணக்கான சூட்டில் வயரின் மேலுறை அப்பளம் போல நொறுங்கிவிடும். அதன் பிறகு மழையில் நனைந்தாலோ, நல்ல சூட்டிலோ வண்டி சட்டென்று அணையும், ஆர்பிஎம் முள் பூஜ்யத்துக்கு விழும். ஆறினால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். பெட்ரோல் பம்ப்பைச் சந்தேகப்பட்டு மாற்றுகிறவர்கள் உண்டு. பெல்ட் கவரைக் கழற்றி, இன்ஜின் ஓடும்போதே அந்த இடத்தில் தண்ணீர் தெளித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். கையும் சட்டையும் பெல்ட் பக்கம் போகாமல் பார்க்க வேண்டும். சரிசெய்ய, பிளேட்டைக் கழற்றுவதற்கு முன் அது இருந்த இடத்தில் கூர்மையாக ஒரு கோடு கீறிக்கொள்ள வேண்டும். பிளேட் நகர்ந்தால் டைமிங்கும் நகர்ந்துவிடும். பிறகு சூடு தாங்கும் டெஃப்லான் உறை போட்ட வயரால் மறுபடி கட்டுவது. சாதாரண வயர் போட்டால் சில வருடத்தில் அதே கதைதான்.

அடுத்தது டேங்க். பெட்ரோல் ஃபில்டரும் பம்ப்பும் டேங்குக்குள்ளேயே மூழ்கி இருக்கின்றன. உள்ளே இருக்கும் ஹோஸ், வெளிப்பக்கமும் பெட்ரோலில் நனைந்துகொண்டே இருக்கத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். எஸ்ஏஇ ஜே30 ஆர்10 என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கும். வெளியே போடுகிற சாதாரண ஹோஸைப் போட்டால் உள்ளேயே ஊறி வெடித்துவிடும். பாதி டேங்க் பெட்ரோல் இருக்கும்போதே, தீர்ந்துபோன மாதிரி வண்டி நிற்கும். டேங்குக்குக் கீழே ஹோஸைச் சேர்க்கும் கப்ளிங் பிளாஸ்டிக்கில் இருந்தால் கவனிக்க வேண்டும். விரிசல் விட்டால் பெட்ரோல் நேராகச் சூடான இன்ஜின் மேல் சொட்டும். இந்த வண்டிக்கு ஒரே ஒரு மேம்பாடுதான் செய்ய முடியும் என்றால், அதை உலோகத்தில் மாற்றுவதைத்தான் சொல்வேன்.

டேப்பட்டுக்கு வருகிறேன், உங்களுக்குப் பிடித்த இடம். வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவில் விடும் இடைவெளிதான் கணக்கு. புல்லட்டில் புஷ்ராடை விரலால் உருட்டிப் பார்த்து வைப்பீர்கள். இங்கே இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் இல்லாமல் நடக்காது. இன்லெட் 0.15 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.30, பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை, இன்ஜின் ராத்திரி முழுவதும் ஆறியிருக்க வேண்டும். மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, ஐந்தாவது கியரில் பின் சக்கரத்தை உருட்டினால், வலப்பக்க ரப்பர் மூடிக்குள் ஃபிளைவீலில் 'ஓடி' குறி தெரியும், பிஸ்டன் உச்சியில் இருக்கிறது என்று அர்த்தம். எந்தப் பக்கத்து ராக்கர்கள் இரண்டும் லேசாக ஆடுகின்றனவோ, அந்தப் பக்கத்தை வைக்கலாம். மறுபக்கத்துக்கு கிராங்க் இன்னொரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். ஒரு ராக்கர் இரண்டு வால்வை அமுக்குகிறது, அதனால் ஒரே அளவில் இரண்டு ஃபீலர் வாங்கி இரண்டையும் சேர்த்து நுழைக்க வேண்டும். ஒன்றை மட்டும் நுழைத்தால் ராக்கர் சாய்ந்து பொய்க் கணக்குக் காட்டும். லாக் நட்டை முறுக்கும் அளவு 8 நியூட்டன் மீட்டர், ஹெட் கவர் போல்ட்டுக்கும் அதே 8. கைக்கணக்கில் முறுக்கினால் அலுமினியத்தில் மரை போய்விடும்.

டேப்பட் வைத்த பிறகுதான், சிலிண்டருக்குள் காற்றை விடும் இரண்டு த்ராட்டில் பாடியையும் சமமாக்குவது, அதுவும் இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு. உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் டியூப் நாலு மீட்டரைப் பலகையில் 'ப' மாதிரி வளைத்துக் கட்டி, டூ-ஸ்ட்ரோக் ஆயில் கொஞ்சம் ஊற்றி, இரண்டு நுனியையும் பக்கத்துக்கு ஒன்றாக த்ராட்டில் பாடியில் மாட்டினால் போதும், விலை கொடுத்து மீட்டர் வாங்க வேண்டாம். ஐடிலில் ஆயில் ஏறி இறங்குவதைப் பித்தளை ஸ்க்ரூ வைத்துச் சரிசெய்ய வேண்டும். ஆக்சிலேட்டர் திருப்பும்போது வரும் வித்தியாசத்தை கேபிளில் சரிசெய்ய வேண்டும். பெயின்ட் அடித்து மூடியிருக்கும் ஸ்டாப் ஸ்க்ரூவைத் தொடவே கூடாது, பழைய நிலைக்குக் கொண்டுவருவது பெரும்பாடு.

ஆயில் கணக்கு சின்னதுதான். இன்ஜினுக்கு 20டபிள்யூ-50, ஃபில்டரோடு 3.75 லிட்டர். கியர் பாக்ஸுக்கு சுமார் 0.8 லிட்டர், பின் சக்கரத்தைச் சுற்றும் கியரான ஃபைனல் டிரைவுக்கு 0.23 லிட்டர். எப்போதும் ஊற்றுகிற மூடியை முதலில் திறந்துவிட்டு, பிறகுதான் வடிகால் போல்ட். மேலே திறக்க வராமல் கீழே வடித்துவிட்டால் வண்டி அங்கேயே கிடக்க வேண்டியதுதான். ஃபைனல் டிரைவ் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிற மாவு ஒட்டியிருந்தால் பயமில்லை. செதில் இருந்தால் பேரிங் போகிறது. பின் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தாலும் தெரியும்.

பிரேக் ஹோஸ் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே ரப்பர் ஊதி வழியை அடைத்திருக்கும். லீவரை விட்ட பிறகும் பேட் பிடித்துக்கொண்டே இருந்தால் காலிப்பரைத் திட்டாமல் ஹோஸைப் பாருங்கள். ஸ்டீல் பின்னல் ஹோஸ் போட்டால் தீர்ந்தது. ஆனால் அதன் அனுமதித் தாள் கையில் இருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் டியூவ் என்ற கட்டாய வண்டிச் சோதனையில் கேட்பார்கள். ஹெட்லைட்டில் எல்இடி பல்ப் போட்டாலும் அந்த வண்டிக்கு அனுமதி பெற்ற பல்ப்பாக இருக்க வேண்டும். பேட்டரி பலவீனமானால் ஸ்டார்ட் செய்யும்போதே, பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் விளக்கு இரண்டும் மாறி மாறி மின்னும். ஏபிஎஸ்ஸே போய்விட்டது என்று பயந்து செலவு செய்வதற்கு முன் பேட்டரியைச் சார்ஜ் செய்து பார்ப்பது நல்லது.

நம்பர் பிளேட்டிலேயே 03, 10 என்று போட்டிருக்கிறது. மார்ச் முதல் அக்டோபர் வரைதான் ரோட்டுக்கு வரலாம், வரியும் இன்ஷூரன்ஸும் அந்த மாதங்களுக்கு மட்டும். மற்ற மாதங்களில் தெருவில் நிறுத்தவும் கூடாது. அதனால் இந்த ஊரில் பிப்ரவரிதான் ஸ்பானர் மாதம்.

முறுக்கும் அளவைக் காட்டும் உங்கள் டார்க் ரெஞ்ச் பெரிய போல்ட்டுக்குத்தான் சரி, 8 நியூட்டன் மீட்டருக்கு அது சரியாகக் காட்டாது. 5 முதல் 25 வரை வரும் சின்னது ஒன்று இங்கே எடுத்து வைத்திருக்கிறேன். சித்திரையில் வரும்போது கொண்டுவருகிறேன். உங்களிடம் இருக்கும் சாக்கெட்டுகளில் ரெஞ்ச் நுழையும் சதுரத் துளை கால் இன்ச்சா, அதைவிடப் பெரியதா என்று மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி