'மாத்ரிமோனியும்' சொல்லில் பணம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இன்று வீட்டுக்கு வீடு புழங்கும் 'மேட்ரிமோனி' என்ற சொல்லுக்குச் சென்ற இதழின் மொழிப் பக்கத்தில் வேர் தேடியிருந்தார்கள். லத்தீன் 'மாத்ரிமோனியும்'தான் மூலம் என்றது சரி. அதன் பின்பாதியைப் பணத்தோடு முடிச்சுப் போட்டதுதான் தவறு. 'மோனியும்' வெறும் விகுதி. 'தெஸ்திஸ்' என்றால் சாட்சி. அவர் சொல்வது 'தெஸ்திமோனியும்'. அதேபோல 'மாத்தெர்' என்ற தாயிலிருந்து 'மாத்ரிமோனியும்' பிறந்தது: ஒருத்தி முறைப்படி பிள்ளை பெற்றுத் தாயாகும் நிலை. தந்தையிலிருந்து பிறந்த 'பாத்ரிமோனியும்' குடும்பச் சொத்தைக் குறித்தது. தாயின் பெயரால் கல்யாணம், தந்தையின் பெயரால் சொத்து! ரோமானிய வீட்டில் யார் கை ஓங்கியிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இலக்கணத்தைக் கட்டுரை தொடவே இல்லை என்பது என் ஆதங்கம். குருமடத்தில் நான் லத்தீன் படித்தபோது எங்கள் ஆசிரியர் கரும்பலகையில் இரண்டு தொடர்களை எழுதிக் காட்டினார். ஆண் மணந்தால் 'இன் மாத்ரிமோனியும் தூகெரே', அதாவது அவளை மணத்துக்குள் அழைத்துப்போகிறான். பெண் மணந்தால் வினையே வேறு, 'நூபெரே'. மணமகளின் முக்காட்டோடு சேர்த்து ரோமானியர் பொருள் சொன்ன வினை அது. கணவன் பெயர் அங்கே நான்காம் வேற்றுமையில் நிற்கும். 'மார்க்குஸை' என்று எழுதினால் பிழை, 'மார்க்குஸுக்கு' என்றே வர வேண்டும்.

நாமும் 'அவனுக்கு வாழ்க்கைப்பட்டாள்' என்கிறோமே, அதே 'கு'! 'அவளுக்கு வாழ்க்கைப்பட்டான்' என்று யாரும் சொல்வதில்லை. பணக்காரியை ஏன் கட்டிக்கொள்ளவில்லை என்று கேட்டவர்களுக்குக் கி.பி. முதல் நூற்றாண்டுக் கவிஞர் மார்ஷியல், தனக்கு 'நூபெரே' வினையைப் போட்டு, 'என் மனைவிக்கு நான் வாழ்க்கைப்பட மாட்டேன்' என்ற பொருளில் பதில் எழுதினார். இந்த இலக்கணம் தெரியாதவருக்கு அந்த வரியின் குத்தல் எட்டாது.

இதே வினையிலிருந்து வந்த 'நூப்தியாய்' திருமணத்தையும் அதன் சடங்கையும் குறிக்கும், எப்போதும் பன்மைதான். சட்டப்படி மணக்கும் உரிமைக்கு 'கோனூபியும்' என்று தனிச்சொல் இருந்தது. உயர்குடிப் பட்ரீஷியருக்கும் பொதுமக்களான பிளெபியருக்கும் இடையே அந்த உரிமை கி.மு. 445இல் கனுலேயுஸ் சட்டத்தால்தான் கிடைத்தது.

உங்கள் மொழிப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கும் மாணவர்களை எனக்குத் தெரியும். விகுதி பற்றிய அந்த ஒரு வரிக்காவது அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை