யான் மாயென் பயணம் விற்கும் சுற்றுலா நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஆர்க்டிக் கப்பல் பயணத்துக்கான அட்டவணையில் "ஐந்தாம் நாள்: யான் மாயென் தீவில் இறங்குதல்" என்று உறுதியாக அச்சிடுகிறீர்கள். அந்த ஒரு வரியைத் திருத்துங்கள்.

நார்வேக்குச் சொந்தமான இந்த எரிமலைத் தீவு, ஐஸ்லாந்துக்கு வடகிழக்கே சுமார் 550 கி.மீ. தொலைவில் தனித்துக் கிடக்கிறது. துறைமுகம் கிடையாது. கப்பல் பயணிகள் கரையேற அனுமதி உள்ளவை இரண்டே விரிகுடாக்கள்: மேற்குக் கரையில் குவால்ரோஸ்புக்தா, கிழக்குக் கரையில் போத்விகா. காற்று மேற்கிலிருந்து அடித்தால் கிழக்கு, கிழக்கிலிருந்து அடித்தால் மேற்கு. சில நாள்களில் அலை தீவைச் சுற்றி வளைந்து வந்து இரண்டையும் அடைத்துவிடும். அலை உடையும் இடத்தில் ரப்பர் படகு குறுக்கே திரும்பினால் கவிழ்ந்துவிடும். ஏறும்போதைவிடத் திரும்பும்போதுதான் ஆபத்து அதிகம். பயணிகள் கரையில் நிற்கையில் காற்று திசை மாறலாம். ஆகவே அரை நாளாவது உபரி நேரம் வையுங்கள்.

'ஆளில்லாத் தீவு' என்பதும் தவறு, 'பூர்வகுடிகள்' என்பதும் தவறு. 1921 முதல் அங்கே வானிலை நிலையம் இயங்குகிறது. இன்று ஓலோன்கின்பியென் குடியிருப்பில் சுமார் 18 பேர் முறை வைத்துப் பணிபுரிகிறார்கள். மருத்துவமனை இல்லை. சரளைக்கல் ஓடுபாதையில் நார்வே ராணுவத்தின் ஹெர்குலிஸ் விமானம் ஆண்டுக்குச் சில முறைதான் வரும். மூடுபனி இறங்கினால் அதுவும் வராது. இதய நோயாளிக்கும் நடக்கச் சிரமப்படுபவருக்கும் இதைப் பணம் வாங்கும் முன்பே சொல்லுங்கள்.

நிலையத் தலைவரிடம் முன்அனுமதி பெறுவது உங்கள் பொறுப்பு. 2010 முதல் தீவின் பெரும்பகுதி இயற்கைக் காப்பகம். கூடாரம் அடிக்கலாம் என்று ஆசை காட்டாதீர்கள். வேற்று விதைகள் ஒட்டி வராதபடி, காலணிகளைக் கப்பலிலேயே தேய்த்துக் கழுவ வேண்டும். 17ஆம் நூற்றாண்டு டச்சுத் திமிங்கில வேட்டைக்காரர்களின் எச்சங்களை யாரும் தொடக்கூடாது. 1633-34 குளிர்காலத்தில் அங்கே தங்கவைக்கப்பட்ட ஏழு பேரும் இறந்தே போனார்கள். 'சாகசம்' என்று எழுதும்போது இதுவும் நினைவில் இருக்கட்டும்.

அட்டைப்படத்தில் நீல வானத்தோடு நிற்கிறதே பேரென்பெர்க், அந்த 2,277 மீட்டர் எரிமலை பல நாள் முகமே காட்டாது.

அச்சிட வேண்டிய வரி இதுதான்: "காற்றும் அலையும் இடங்கொடுத்தால் கரையேறுவோம், இல்லையேல் கப்பலிலிருந்தே பார்ப்போம். இதற்காகக் கட்டணம் திரும்பத் தரப்படுமா என்பது கீழே." கீழே பதிலையும் எழுதுங்கள், பெரிய எழுத்தில்.